7.7, 6.7: மாண்டலே நிலநடுக்கத்தில் அலையின் வீச்சும் ஆற்றலும்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12 மணி 50 நிமிடம். ரமலானின் கடைசி வெள்ளி என்பதால் மாண்டலேயிலும் சகாயிங்கிலும் பள்ளிவாசல்கள் நிறைந்திருந்தன. அந்த நேரத்தில்தான், சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில், மியான்மரின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் பாறைப் பிளவான சகாயிங் பிளவு நழுவியது. அளவு 7.7. ஏறக்குறைய 12 நிமிடம் கழித்து இன்னொரு அதிர்வு. முதலில் அதை 6.4 என்று அறிவித்தார்கள், பிறகு 6.7 என்று திருத்தினார்கள். 1934-இல் திறக்கப்பட்ட ஆவா பாலம் ஐராவதி ஆற்றுக்குள் சரிந்தது. தொழுகையில் இருந்தவர்கள் பலர் அங்கேயே புதைந்தார்கள். அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் 3,700-க்கும் மேல். 1,000 கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக்கும் மேற்பட்ட கட்டடம் ஒன்று நொடிகளில் மண்மேடானது.

யாங்கோனில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு பல வாரங்கள் வேறு பாடமே ஓடவில்லை. மெட்ரிக் பரீட்சைக்குப் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள் (‘சயா’ என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர்): “சயா, 7.7, 6.7. ஒண்ணுதானே வித்தியாசம்? அப்புறம் ஏன் ரெண்டாவதைச் சின்னதுங்கிறாங்க?” இன்னொரு பையனுக்குப் பாங்காக்தான் புரியவில்லை. நடுவில் எத்தனையோ ஊர்கள் தப்பித்திருக்க, அவ்வளவு தூரத்தில் இருந்த கட்டடம் எப்படி விழுந்தது?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: ஓர் அலையின் வீச்சுக்கும் அது சுமந்து செல்லும் ஆற்றலுக்கும் உள்ள உறவு. ‘ஆற்றல் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்’ என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரி தவறில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி தெரியாமல் மாண்டலேயில் நடந்ததைப் படித்தால் எல்லாமே முரணாகத் தெரியும். அந்த மீதியை இந்த ஒரு நிகழ்வை வைத்தே எழுதுகிறேன்.

எது வீச்சு, எது வீச்சில்லை

மாண்டலேக்குத் தெற்கே தாசிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சூரிய மின்நிலையத்தின் சிசிடிவிப் பதிவை உலகமே பார்த்தது. வாயிற்கதவு ஆடுகிறது, பிறகு கேமராவுக்கு எதிரே இருக்கும் தரை முழுவதும், செடி கம்பத்தோடு, பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் படத்தைச் சட்டம் சட்டமாக அளந்து, சுமார் 1.3 நொடியில் 2.5 மீட்டர் நழுவல் என்று கண்டார்கள்.

இதைப் பார்த்த பிள்ளைகள் “அப்போ வீச்சு 2.5 மீட்டரா?” என்று கேட்டார்கள். இல்லை. நகர்ந்த அந்தத் தரை திரும்பி வரவில்லை. பல ஆண்டுகளாக இறுகி வளைந்திருந்த பாறை விடுபட்டு இடம் மாறிய காட்சி அது. அலை என்பது அந்த நழுவலிலிருந்து கிளம்பிப் பாறைக்குள் ஓடுவது. அலை கடந்து போகும்போது ஒவ்வொரு துளி மண்ணும் தன் இடத்திலிருந்து விலகி, மறுபக்கம் போய், கடைசியில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அமைதியாக இருந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியதோ அதுதான் வீச்சு. உச்சியிலிருந்து பள்ளம் வரை அளந்தால் அதன் இரட்டிப்பு வரும். பரீட்சையில் பலர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

சரி, வர்க்கம் எங்கிருந்து வருகிறது? மண்டபத்துத் தூணில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பையனிடம் கொடுத்தேன். நொடிக்கு 2 முறை, 5 சென்டிமீட்டர் வீச்சில் ஆட்டச் சொன்னேன். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்பு நூல் மேலும் கீழும் ஓடியது. அது நடுக்கோட்டைக் கடக்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 63 சென்டிமீட்டர். இப்போது அதே தாளத்தில் 10 சென்டிமீட்டர் வீச்சு. நூல் அதே நேரத்துக்குள் இரண்டு மடங்கு தூரம் ஓடியாக வேண்டும், ஆகவே வேகம் 126. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 4 மடங்கு. கயிறு இழுபட்டு வளைவதில் சேரும் நிலை ஆற்றலும் 4 மடங்குதான், ஏனென்றால் இழுக்கும் விசையும் இரட்டிக்கிறது, இழுபடும் தூரமும் இரட்டிக்கிறது. வீச்சு 3 மடங்கானால் ஆற்றல் 9 மடங்கு, 10 மடங்கானால் 100 மடங்கு. பாடப்புத்தக வரி இதுவரைதான் வருகிறது.

அடுத்ததாக வீச்சை 10 சென்டிமீட்டரிலேயே வைத்துத் தாளத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். நொடிக்கு ஒரே முறை. கயிறு முன்னைவிடப் பெரிதாக ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நூலின் உச்ச வேகம் மறுபடியும் 63. முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு மீட்டர் கயிற்றிலும் எவ்வளவு ஆற்றல் இருந்ததோ அதே அளவுதான் இப்போதும். வீச்சு இரட்டித்தும் ஆற்றல் ஏறவில்லை. “கண்ணுக்குப் பெருசாத் தெரியுதே சயா” என்று அந்தப் பையன் விடாமல் வாதாடினான். அவன் வாதாடியது எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் நிலநடுக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் செய்யும் தவறும் அதுவேதான்.

முழு உறவைச் சொல்வதானால், ஓர் அலை ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நொடியில் கடத்தும் ஆற்றல் நான்கைப் பொறுத்தது: வீச்சின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம், ஊடகத்தின் அடர்த்தி, அதில் அலை ஓடும் வேகம். இவற்றோடு அலை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் பெருக்கினால் மொத்த ஆற்றல். இந்த ஐந்தில் வீச்சுதான் கருவியில் முதலில் கண்ணில் படுகிறது. அதனால்தான் மற்ற நான்கையும் மறந்துவிடுகிறோம்.

100 மடங்கு வரவேண்டிய இடத்தில் 32 ஏன்?

நிலநடுக்க அளவுகோல் மடக்கை அளவுகோல். 1935-இல் சார்லஸ் ரிக்டர் அதை வகுத்தபோது, ஒரு குறிப்பிட்ட கருவியில், 100 கிலோமீட்டர் தொலைவில் பதிவாகும் கோட்டின் வீச்சை அடிப்படையாக வைத்தார். கோடு 1 மில்லிமீட்டர் விலகினால் அளவு 3, 10 மில்லிமீட்டர் என்றால் 4. அதாவது எண்ணில் 1 கூடினால் வீச்சு 10 மடங்கு. இன்று பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படும் மொமெண்ட் மேக்னிட்யூட் அளவுகோல் 1979-இல் ஹாங்க்ஸும் கனமோரியும் தந்தது. அது பிளவின் பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனாலும் பழைய எண்களோடு பொருந்தும்படி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் 6.7-ஐவிட 7.7-இன் வீச்சு 10 மடங்கு, ஆற்றல் 100 மடங்கு என்றுதானே வரவேண்டும்? அந்தப் பெண் கரும்பலகையில் அப்படித்தான் போட்டாள். ஆனால் எந்த நிலநடுக்க ஆய்வு மையமும் 32 மடங்கு என்றுதான் சொல்லும். வர்க்க விதி பொய்யா?

பொய்யில்லை. ஒரு பெரிய நிலநடுக்கம் சிறியதன் பெரிதாக்கிய நகல் இல்லை. அது மெதுவானது, நீளமானது. சராசரியாக எண்ணில் 1 கூடும்போது பிளவின் நீளம், அகலம், நழுவல் மூன்றும் தலா 3.16 மடங்கு கூடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பிளவு முழுவதும் கிழிந்து முடிய ஆகும் நேரமும் 3.16 மடங்காகிறது. கிழியும் நேரம் நீண்டால், அதிலிருந்து கிளம்பும் முக்கிய அலைகளின் அலைவு நேரமும் நீள்கிறது, அதாவது அதிர்வெண் 3.16-இல் ஒரு பங்காகக் குறைகிறது. இப்போது கயிற்றில் பார்த்ததை இங்கே போடுங்கள். வீச்சு 10 மடங்கு, அதனால் 100. அதிர்வெண் குறைந்ததால் அதன் வர்க்கமான 10-ஆல் வகுக்க வேண்டும். நீடிக்கும் நேரம் கூடியதால் 3.16-ஆல் பெருக்க வேண்டும். 100-ஐ 10-ஆல் வகுத்து 3.16-ஆல் பெருக்கினால் 31.6. வர்க்க விதி அப்படியே இருக்கிறது, அதனோடு அதிர்வெண்ணும் நேரமும் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

இந்த ஒரு வரிக் கணக்குதான் இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம். இயற்பியல் ஆசிரியர்கள் எல்லாரும் இதைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டிவிட வேண்டும். ‘32 மடங்கு’ என்று மனப்பாடம் செய்தவனுக்கும், 32 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவனுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

குட்டன்பர்க்கும் ரிக்டரும் 1956-இல் தந்த சூத்திரமும் இதையே சொல்கிறது. ஆற்றலின் மடக்கை, ஜூல் கணக்கில், 4.8-உடன் அளவின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் கிடைக்கும். 7.7-க்கு ஏறத்தாழ 2.2 × 10¹⁶ ஜூல். 6.7-க்கு 7 × 10¹⁴ ஜூல். வெறும் எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. மாண்டலேக்குப் பக்கத்தில் மியிட்ங்கே ஆற்றில் இருக்கும் யேவா அணையின் மின்திறன் 790 மெகாவாட். அது ஒரு நொடியும் நிற்காமல் முழுத் திறனில் ஓடினால், 7.7 வெளியிட்ட அலை ஆற்றலை உண்டாக்க 11 மாதம் ஆகும். 6.7-க்கு 10 நாள் போதும். நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஆற்றல் அலையாக வெளியேறிய பங்கு மட்டுமே. பிளவின் இரு பக்கமும் உராய்ந்து உண்டான வெப்பமும், பாறை நொறுங்கியதில் செலவானதும் இதில் சேரவில்லை. அவை இதைவிடப் பன்மடங்கு.

‘சராசரியாக’ என்று மேலே சொன்னதற்கும் காரணம் உண்டு. மாண்டலேயில் பிளவு வழக்கம்போல் நடக்கவில்லை. மாண்டலேக்கு வடக்கிலிருந்து தலைநகர் நேபிடோவையும் தாண்டித் தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது. 7.7 அளவுக்கு எதிர்பார்க்கும் நீளத்தைவிட இது மிக அதிகம். நிலத்தின் மேலோட்டில் உடையக்கூடிய பகுதியின் ஆழம் ஓரளவுதான் என்பதால் அகலம் ஓர் எல்லைக்கு மேல் வளர முடியாது. ஆகவே வளர்ச்சியெல்லாம் நீளத்தில் போனது. அதுவும் தெற்கு நோக்கி ஓடிய கிழிசல், பாறையில் குறுக்கலைகள் (தாம் ஓடும் திசைக்குக் குறுக்காகப் பாறையை ஆட்டும் அலைகள்) ஓடும் வேகத்தையே மிஞ்சியது என்று பதிவுகள் காட்டுகின்றன. அப்படி ஓடும்போது அலைகளின் ஆற்றல் எல்லாத் திசைக்கும் சமமாகப் பரவாது, கிழிசல் போகும் வழியை ஒட்டிக் குவியும். மாண்டலேயிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் நேபிடோவில் அரசுக் கட்டடங்களும் குடியிருப்புகளும் விழுந்ததைப் புரிந்துகொள்ள இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு”

என் பெரியம்மா மகன் மாண்டலேயில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். தொலைபேசித் தொடர்பு திரும்பியதும் அவரிடம் பேசினேன். கடையின் பின்சுவர் போய்விட்டது, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது இது: “தம்பி, அது 7.7, இது 6.7-ன்னு நியூஸ்ல சொல்றாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது சீக்கிரம் நின்னுடுச்சு, அவ்வளவுதான்.”

32 மடங்கு வித்தியாசத்தை ஒரு மனிதரால் உணர முடியாதா என்று தோன்றும். பயத்தில் எல்லாமே ஒன்றாகத் தெரிந்திருக்கும் என்று தள்ளிவிடவும் செய்யலாம். நான் தள்ளவில்லை. அண்ணன் சொன்னது இயற்பியலோடு அழகாகப் பொருந்துகிறது.

நம் உடம்பு உணர்வது நிலத்தின் வீச்சை இல்லை, முடுக்கத்தை. வேகம் எவ்வளவு சடுதியாக மாறுகிறது என்பதைத்தான் கால்கள் கண்டுகொள்கின்றன. இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் நிலம் 1 சென்டிமீட்டர் வீச்சில், நொடிக்கு ஒருமுறை ஆடுகிறது. மற்றதில் 5 சென்டிமீட்டர் வீச்சில், 5 நொடிக்கு ஒருமுறை. இரண்டிலும் நிலத்தின் உச்ச வேகம் நொடிக்கு 6.3 சென்டிமீட்டர், ஆகவே இரண்டு அலைகளும் சுமக்கும் ஆற்றல் அடர்வு ஒன்றே. ஆனால் முடுக்கம், அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் மாறும் அளவு, முதலாவதில் நொடிக்கு 39 சென்டிமீட்டர் வேகம், இரண்டாவதில் 8-க்கும் குறைவு. முதலாவதில் எல்லாருக்கும் உலுக்கல் தெரியும், அடுக்கி வைத்த டின்கள் சரியலாம். இரண்டாவதில் தரையில் நிற்பவருக்கு லேசாகத் தலைசுற்றுவதுபோல் இருக்கும்.

பிளவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு, 6.7-லிருந்து 7.7-க்குப் போகும்போது வேகமாக ஆடும் குறுகிய அலைகள் 10 மடங்கு பெரிதாவதில்லை. மிகச் சிறிதளவே கூடுகின்றன. 10 மடங்காகப் பெருகுவது நீண்ட, மெதுவான அலைகள். கூடுதலாகக் கிடைத்த அந்த 32 மடங்கு ஆற்றல், கிழிந்த பிளவின் நீளத்திலும், ஆட்டம் நீடித்த நேரத்திலும், மெதுவான அலைகளிலும் பரவிக்கிடக்கிறது. கடைக்குள் நின்ற ஒரு மனிதரின் கால்களுக்கு அதில் வந்து சேர்ந்த வித்தியாசம், ‘சீக்கிரம் நின்னுடுச்சு’ என்பதுதான். அவர் சொன்ன சாட்சியம் சரியானது.

ஆனால் சுவருக்கு அந்த நேரம் முக்கியம். சில நொடிகள் ஆடினால் விரிசலோடு தப்பிக்கும் செங்கல் சுவர், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினால் விரிசல் விரிந்து விழுந்துவிடும். முதல் அதிர்வில் விரிசல் விட்டு நின்றவற்றில் சிலவற்றை 12 நிமிடம் கழித்து வந்த 6.7 சாய்த்திருக்கும். சின்னது என்று அதை ஒதுக்கவே முடியாது. அது தனியாக ஒரு நாள் வந்திருந்தால் அதுவே அந்த ஆண்டின் பெரிய செய்தியாக இருந்திருக்கும்.

ஆற்றல் கூடாமலே வீச்சு கூடும் இடம்

மாண்டலே, அமரபுரா, சகாயிங் எல்லாம் ஐராவதி கொண்டுவந்து சேர்த்த வண்டலை ஒட்டி இருப்பவை. கெட்டிப் பாறையில் ஓடிவந்த அலை வண்டலுக்குள் நுழையும்போது அதன் வேகம் பல மடங்கு குறைகிறது. ஆனால் பின்னால் வந்துகொண்டிருக்கும் ஆற்றல் நிற்கப்போவதில்லை. நொடிக்கு இவ்வளவு என்று உள்ளே வந்தது, நொடிக்கு அவ்வளவும் கடந்தாக வேண்டும். அதிர்வெண் மாறாது, அடர்த்தியும் வேகமும் குறைந்துவிட்டன. அப்புறம் எஞ்சியிருப்பது வீச்சு ஒன்றுதான், அது ஏறியே தீர வேண்டும்.

எவ்வளவு ஏறும்? பாறையில் கன மீட்டருக்கு 2,500 கிலோ, அலை வேகம் நொடிக்கு 1,500 மீட்டர் என்று வைப்போம். மென்மண்ணில் 1,600 கிலோ, 100 மீட்டர். இரண்டு பெருக்கல்களின் விகிதம் 23-ஐ ஒட்டி வருகிறது, அதன் வர்க்கமூலம் 4.8. அதாவது வழியில் ஆற்றல் ஒரு ஜூல்கூடக் கூடாமல், அலையின் வீச்சு கிட்டத்தட்ட 5 மடங்காகிவிடும். மேற்பரப்புக்கும் அடியில் உள்ள கெட்டித் தரைக்கும் நடுவில் அலை எதிரொலித்துக்கொண்டே இருந்தால் சில அதிர்வெண்களில் இன்னும் ஏறும். நிஜ மண் பலமான ஆட்டத்தில் குழைந்து ஆற்றலை உறிஞ்சவும் செய்யும், ஆகவே 4.8 என்பது ஒரு வழிகாட்டிதான். நீர் நிறைந்த மணலாக இருந்தால் கதையே வேறு. மாண்டலே வட்டாரத்தில் பல இடங்களில் தரை திரவம்போல் ஆகி, மணலும் நீரும் பீறிட்டு வந்தன, வீடுகள் அப்படியே அமிழ்ந்தன.

வீச்சின் வர்க்கத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர் இங்கே ஏமாந்துபோவார். வண்டலில் 5 மடங்கு வீச்சைப் பார்த்து, அங்கே 25 மடங்கு ஆற்றல் வந்து சேர்ந்தது என்பார். அப்படி எதுவும் வரவில்லை. பக்கத்துப் பாறை மேட்டில் நிற்கும் வீட்டுக்கும் அதே அலைதான் வந்தது.

பாங்காக்

இப்போது அந்தப் பையனின் கேள்வி. 1,000 கிலோமீட்டர் தூரத்தில் என்ன மிஞ்சியிருக்கும்?

பூமிக்குள் எல்லாத் திசையிலும் பரவும் அலையின் ஆற்றல், கோளப் பரப்பில் பங்கிடப்படுகிறது. தூரம் 10 மடங்கானால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் 100-இல் ஒரு பங்கு, வீச்சு 10-இல் ஒரு பங்கு. மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அலைகளுக்கு நிலைமை வேறு. அவை வட்டமாக மட்டும் பரவுவதால், 10 மடங்கு தூரத்தில் ஆற்றல் 10-இல் ஒரு பங்காகவும், வீச்சு 3.2-இல் ஒரு பங்காகவும்தான் குறைகிறது. தொலைவில் இருப்பவர்களைத் தேடி வருவது இந்த மேற்பரப்பு அலைகள்தான்.

அதோடு பாறை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆற்றலில் ஒரு சிறு பங்கை வெப்பமாக எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு ஒருமுறை ஆடும் அலை, 5 நொடிக்கு ஒருமுறை ஆடும் அலையைவிட அதே தூரத்துக்குள் 5 மடங்கு அதிகமாக ஆடிவிடுகிறது, ஆகவே அதிகமாக இழக்கிறது. பாறையின் தரக் காரணி (இந்த எண் பெரிதானால் ஓர் ஆட்டத்துக்கு இழக்கும் ஆற்றல் குறைவு) 200, அலை வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்து 1,000 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 1 நொடி அலையின் வீச்சு 190-இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும், 5 நொடி அலைக்கு மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஆற்றலில் பார்த்தால் முதலாவதுக்கு 35,000-இல் ஒரு பங்கு, இரண்டாவதுக்கு 8-இல் ஒரு பங்கு. வடிகட்டியதுபோல் வேகமான அலைகள் எல்லாம் வழியிலேயே தீர்ந்துபோக, மெதுவான நீள அலைகள் மட்டும் பாங்காக்குக்கு வந்து சேர்ந்தன. 7.7-இல் மிகுதியாக இருந்தவையும் அவையேதான் என்பதை மேலே பார்த்தோம்.

பாங்காக் கடல் களிமண்ணின் மேல் நிற்கும் நகரம். மேல் அடுக்கில் அலை வேகம் நொடிக்கு 100 மீட்டரை ஒட்டியே இருக்கும், ஆகவே வீச்சு அங்கே மறுபடி ஏறியது. கடைசியாக, உயரமான கட்டடத்துக்கென்று ஓர் இயல்பான அலைவு நேரம் உண்டு. மாடிக்கு 0.1 நொடி என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. 30 மாடி என்றால் 3 நொடி. வந்த அலையும் அதே தாளத்தில் இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதன்மேல் ஏறி உட்காரும். மொட்டைமாடி நீச்சல் குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகத் தெருவில் கொட்டிய படங்களில் கண்டது அந்த மெதுவான ஆட்டத்தைத்தான். அந்த நேரத்தில் நடைபாதையில் நின்ற பலருக்கு மயக்கம் வருவதுபோல் மட்டுமே இருந்தது.

ஆனாலும், அந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான உயரக் கட்டடங்கள் அதே அலையில் ஆடிவிட்டு நின்றன. விழுந்தது ஒன்று. அலை எப்படி வந்தது என்பதை இயற்பியல் சொல்லும், அந்த ஒன்று மட்டும் ஏன் விழுந்தது என்பது வடிவமைப்பும் கட்டுமானமும் பற்றிய கேள்வி. இரண்டையும் கலந்து, ‘களிமண்ணால் விழுந்தது’ என்று முடித்துவிடுவது இறந்த தொழிலாளர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களில் நம் நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களும் உண்டு.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 ஆகஸ்ட் 24-இல் சௌக் அருகே வந்த 6.8, பழைய பௌத்தக் கோயில்கள் நிறைந்த பாகனில் நூற்றுக்கணக்கான கோபுரங்களைச் சேதப்படுத்தியது, ஆனால் உயிரிழப்பு விரல்விட்டு எண்ணக்கூடியதாகவே இருந்தது. அதன் ஆழம் சுமார் 84 கிலோமீட்டர். நேர்மேலே நிற்பவருக்கும் அலை அவ்வளவு தூரம் ஏறி வரவேண்டியிருந்தது. மாண்டலேக்கு வெறும் 10.

யாங்கோனுக்கு என்ன?

மார்ச் 28 அன்று யாங்கோனில் லேசாகத்தான் தெரிந்தது. கிழிந்த பிளவின் தெற்கு முனை இங்கிருந்து 200 கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிட்டது. “7.7-யே நம்மை ஒண்ணும் பண்ணல” என்று அனோரட்டா வீதியில், காளி கோயில் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னபோது, நான் உட்கார்ந்து அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அதே சகாயிங் பிளவு தெற்கே பகோ வழியாக, யாங்கோனுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கடலை நோக்கிப் போகிறது. 1930 மே 5-இல் அந்தப் பகுதி நழுவியது. அளவு 7.3 என்று மதிப்பிடுகிறார்கள். பெகுவில், அதாவது இன்றைய பகோவில், சுமார் 500 பேர் இறந்தார்கள், ஷ்வேமாடோ கோபுரம் சரிந்தது. ரங்கூனிலும் உயிர்கள் போயின. அப்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். நம் தாத்தாக்கள் பார்த்த நிலநடுக்கம் அது.

7.3-இன் மொத்த ஆற்றல் 7.7-இல் நாலில் ஒரு பங்கு. ஆனால் தூரம் 200-லிருந்து 40-ஆகச் சுருங்கினால், கோளப் பரவலின்படி ஒரு சதுர மீட்டருக்கு வரும் ஆற்றல் 25 மடங்கு. 25-ஐ 4-ஆல் வகுத்தால் 6-க்கு மேல். அதாவது எண்ணில் சிறிய அந்த 7.3, யாங்கோன் தரைக்கு 2025-இல் வந்ததைவிட 6 மடங்கு ஆற்றலைக் கொண்டுவரும். இவ்வளவு கிட்டத்தில் குறுகிய அலைகளும் வடிகட்டப்படாமல் வந்து சேரும் என்பதை இந்த 6 கணக்கிலேயே எடுக்கவில்லை. நம் தெருக்களில் இருக்கும் 8 மாடி வீடுகளின் அலைவு நேரம் 0.8 நொடி வாக்கில். அவற்றைத் தேடிப் பிடிக்கப்போவது அந்தக் குறுகிய அலைகள்தான். பழைய செங்கல் கட்டடங்களுக்கு அதைவிடக் குறுகியவை.

தரையும் ஒன்றுபோல் இல்லை. ஷ்வேடகோன் கோபுரம் நிற்கும் குன்று வரிசை கெட்டியானது, ஆற்றோரப் பகுதிகள் வண்டல். வீடு வாங்குபவர்கள் மாடி எத்தனை, தண்ணீர் வசதி உண்டா என்று கேட்கிறார்கள். அடியில் என்ன மண், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், தூண்களுக்குக் கம்பி எப்படிக் கட்டியிருக்கிறது என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த கேள்வி கூரையைப் பற்றியது. 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் ஒரு டன் எடை, அது கட்டடத்தின் வீச்சு அதிகமாக இருக்கும் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டத்தில் அந்த ஒரு டன்னைத் தள்ளவும் நிறுத்தவும் வேண்டிய விசை முழுவதும் கீழே உள்ள சுவர்களுக்குத்தான் இறங்கும். எங்கள் மண்டபத்தின் கூரையிலும் அப்படி இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. அவற்றைக் கீழே இறக்கிப் பம்ப் வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். மின்வெட்டில் பம்ப் எப்படி ஓடும் என்று அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஒரு தொட்டியையாவது இறக்கிவிட்டு, மற்றதைத் தூணுக்கு நேர்மேலே நகர்த்திப் பட்டையால் இறுக்கிக் கட்டுவது என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது.